விசிலுக்கு உரியவர்

மழை இரண்டு வருடம் தொடர்ந்து ஏமாற்றிவிட்டுப் போனதில் அரும்பாறை அணையின் தண்ணீர் சுருங்கிச் சுருங்கி மதகுக்கு அடியில் ஒரு குட்டையாக ஒதுங்கிக்கொள்ள, மீதி இடமெல்லாம் பாளம் பாளமாக வெடித்த சேறும் கிளிஞ்சலும் செத்த மீன் வாடையுமாகக் கண்ணுக்கெட்டிய தூரம் விரிந்து கிடந்தது. அந்தச் சேற்றின் மேல் ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் பத்துப் பன்னிரண்டு ஆண்கள் காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு, நீளக் கம்பியின் முனையில் தட்டு வைத்த ஒரு மிஷினைத் தரையோடு தரையாக இடமும் வலமும் வீசிக்கொண்டு, ஒருத்தரை ஒருத்தர் ஓரக்கண்ணால் பார்த்தபடி நடந்தார்கள். மண்ணுக்குள் உலோகம் கிடந்தால் மிஷின் கத்தும். தோண்டிப் பார்த்தால் பெரும்பாலும் பீர் பாட்டில் மூடிதான். அடுத்தவன் மிஷின் கத்தினால் நம் வயிறு எரியும், ஓடிப் போய்ப் பார்த்து அது பீர் மூடி என்று தெரிந்தால் வயிறு குளிரும். அந்தப் பொழுதுபோக்கில் இருந்த முழுச் சுகமும் அவ்வளவுதான்.

இவர்களுக்கு ஒரு மன்றம் இருந்தது. மன்றத்துக்கு ஒரு தலைவர் இருந்தார். மின்சார ஆபீசில் வீடு வீடாகப் போய் மீட்டர் கணக்கெடுக்கிற வெள்ளியங்கிரிதான் அவர். மஸ்கட்டில் இருக்கிற அக்கா மகன் அனுப்பி வைத்த மிஷின் அவருடையது, ஊருக்கு முதல் மிஷின். தோண்டிய குழியை மூடாமல் போகக்கூடாது, அணை நிலம் அரசாங்கத்துடையது என்பதை மறக்கக்கூடாது, எடுத்ததைச் சொல்லாமல் பையில் போட்டுக்கொள்ளக் கூடாது என்று ஒவ்வொரு வாரமும் ஒரே மாதிரி பேசி மன்றத்தாரின் காதைப் புளிக்க வைத்தவர்.

சொல்ல வேண்டிய இடம் தாலுகா ஆபீஸ். மண்ணுக்குள்ளிருந்து பத்து ரூபாய்க்கு மேல் பெறுமானமுள்ள எது கிடைத்தாலும் கண்டெடுத்தவன் சர்க்காரிடம் சொல்லியாக வேண்டும் என்பது வெள்ளைக்காரன் போட்டுவிட்டுப் போன புதையல் சட்டம். அவன் காலத்தில் பத்து ரூபாய்க்கு ஒரு மாடு வந்திருக்கும், இப்போது ஒரு டீ வருகிறது. ஆனால் சட்டத்தில் அந்தப் பத்து அப்படியேதான் இருக்கிறது என்று தாசில்தார் மெஹருன்னிசா அம்மாள் கறாராகச் சொல்லிவிட்டதால் கரண்டியும் கூஜாவும் மூக்குத்தியும் எல்லாமே புதையல் கணக்கில் சேர்ந்தன. தாசில்தார் ஒவ்வொன்றுக்கும் அறிவிப்பு ஒட்டுவார். இன்ன பொருள், இன்ன இடத்தில் கிடைத்தது, உரியவர் இன்ன தேதியில் நேரில் வந்து பெற்றுக்கொள்ளலாம் என்று இருக்கும். அறிவிப்புக்கும் அந்தத் தேதிக்கும் நடுவே நாலு மாதமாவது விட வேண்டும் என்பதும் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது.

உரியவர்கள் வந்தார்கள்.

முதலில் வந்தது ஒரு செம்புப் பானைக்கு உரியவள். அணை கட்டுவதற்கு ரொம்பக் காலம் முன்னாலேயே செத்துப் போனவள். ரவிக்கை போடாத மேலில் நூல் சேலையைச் சுற்றிக்கொண்டு, அணை ரோட்டிலிருந்து சொட்டச் சொட்ட நடந்து வந்து, தாலுகா ஆபீஸ் பெஞ்சில் முதியோர் பென்ஷனுக்காகக் காத்திருந்தவர்களுக்கு நடுவில் உட்கார்ந்து, கூப்பிட்டதும் எழுந்து போய்க் கைநாட்டு வைத்துப் பானையை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். ஆதார் அட்டை இல்லையே என்று குமாஸ்தா இழுத்தார். இந்தச் சட்டத்தில் ஆதார் கேட்கவில்லை என்று தாசில்தார் அம்மாள் சொல்லிவிட்டார். எதிர்க் கடை ஆறுச்சாமி அவளுக்கு ஒரு டீ கொடுத்தார். குடித்துவிட்டு, வந்த வழியே போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அரும்பாறைக்கு இது பழகிவிட்டது. செத்தவர்களுக்கு வாழைக்காய் பஜ்ஜி பிடிக்கிறது என்று தெரிந்ததும் ஆறுச்சாமி இன்னொரு அடுப்புப் போட்டார். ஈரக் கால்தடத்தைத் துடைத்து மாளவில்லை என்று துப்புரவுக்கார மாரக்காள் தனியாகப் பினாயில் கேட்டு வாங்கினாள். சர்வேயர் ஒருத்தர் பழைய எல்லைக்கல் எங்கே இருந்தது என்று செத்த விவசாயிகளிடம் கேட்டுப் பார்த்தார். அவர்கள் தங்கள் சாமானைத் தவிர வேறெதைப் பற்றியும் வாய் திறப்பதில்லை. கட்சிக்காரர்கள் வாக்காளர் பட்டியலோடு வந்து, சோர்ந்து திரும்பினார்கள். உரியவர் உயிரோடு இருந்தாலும் அதே கதைதான்: ஒரு பித்தளைத் தூக்குவாளியின் தேதியன்று சந்தைப்பேட்டை சலூனில் பாதி முகம் சோப்பு நுரையோடு உட்கார்ந்திருந்த ஜவுளிக்கடைக்காரர் ஒருவர், எதற்கென்றே தெரியாமல் எழுந்து, யாரோ கையைப் பிடித்துக் கூட்டிப் போகிற மாதிரி தாலுகா ஆபீசுக்கு நடந்து வந்து, வாளியைப் பார்த்த பிறகுதான் அது சின்ன வயதில் தன்னிடம் இருந்தது என்று நினைவு வந்து அழுதார். கடைசியாக அந்தப் பொருள் யாருடையதாக இருந்ததோ அவரைக் கால் கொண்டு வந்து சேர்த்துவிடும்.

இதையெல்லாம் தொடங்கி வைத்தவர் என்ற பெருமையோடு வெள்ளியங்கிரி தலையை நிமிர்த்தி நடந்தார். அவருக்கு யார் மேலும் பொறாமை கிடையாது. கூட வேலை பார்த்தவன் மாடி வீடு கட்டினான், சந்தோஷமாகப் பால் காய்ச்சும் பானையைத் தூக்கிக்கொண்டு புதுமனை புகுவிழாவுக்குப் போனவர். ஒரே ஒரு ஆளின் மேல்தான் பொறாமை. அந்த ஆள் செத்து இருபத்தாறு வருடமாகிறது.

அவர் மனைவி வசந்தாமணி அவரைக் கட்டிக்கொள்வதற்கு முன்னால் தேவராசு என்கிற டவுன் பஸ் கண்டக்டரின் மனைவியாக இருந்தாள். மஞ்சள் காமாலையில் அவன் போனபோது கல்யாணமாகி இரண்டு வருடம்கூட நிறையவில்லை, பிள்ளையும் இல்லை. முப்பது தாண்டியும் பெண் அமையாமல் இருந்த வெள்ளியங்கிரி அவள் வீட்டுக்கு மீட்டர் பார்க்கப் போய், மீட்டரைப் பார்த்ததை விட அவளைப் பார்த்ததே அதிகமாகி, தானாகவே போய்ப் பெண் கேட்டார். ஊர் மெச்சியது. மெச்சிய கையோடு, கல்யாணப் பந்தியிலேயே நாலு பேர் அந்த விசில் கதையையும் அவர் இலையில் பரிமாறினார்கள்: தேவராசுவின் பஸ் பிள்ளையார் கோயில் வளைவு திரும்பும்போது அவன் தன் பித்தளை விசிலைக் கடைசியில் இழுத்து வால் நீட்டி ஒரு ஊது ஊதுவானாம், வசந்தாமணி பாதி பின்னிய சடையோடு வாசலுக்கு ஓடி வருவாளாம், பஸ்ஸில் இருப்பவர்களெல்லாம் பார்த்துச் சிரிப்பார்களாம்.

கேட்காத அந்த விசில் அன்றிலிருந்து வெள்ளியங்கிரியின் காதுக்குள் ஊதிக்கொண்டே இருந்தது. உயிரோடு இருக்கிறவனாக இருந்தால் சட்டையைப் பிடிக்கலாம், அவனுக்குத் தொப்பை போடுவதையும் முடி கொட்டுவதையும் பார்த்து ஆறுதல் அடையலாம். செத்தவனை என்ன செய்வது? அவன் குறட்டை விடமாட்டான், குழம்பில் உப்பில்லை என்று தட்டைத் தள்ளமாட்டான், இருபத்தேழு வயதிலேயே கல்லுப்பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருப்பான். வசந்தாமணி அவனைப் பற்றி ஒரு வார்த்தை நல்லதாகச் சொன்னதில்லை, கெட்டதாகவும் சொன்னதில்லை. அந்த மௌனம்தான் வெள்ளியங்கிரியை உறுத்தியது. வருடத்துக்கு ஒரு தடவையாவது, ஏதோ அப்போதுதான் தோன்றியது போலக் கேட்டுவிடுவார்.

"அவனோட சாமான் ஏதாச்சு வெச்சிருக்கறயா வசந்தா?"

"ஒண்ணுமில்லீங்க," என்பாள் அவள். "கை கழுவிட்டு வாங்க, சோறு போடறேன்."

சோறு நன்றாகத்தான் இருக்கும். அவருக்குத் தொண்டைக்குள் இறங்காது.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மன்றத்தார் நடுச்சேற்றில் மொய்த்துக்கொண்டிருக்க, வெள்ளியங்கிரி மட்டும் அணைக்கட்டின் அடியோரமாகப் போனார். மிஷின் மெல்லிசாக, தெளிவாக ஒரு குரல் கொடுத்தது. இரும்பு உறுமும், பித்தளை பாடும், இது பாடியது. களைக்கொத்தால் ஒரு சாண் தோண்டியதும் சேற்றுக் கட்டிக்குள் ஒரு விசில் வந்தது. எச்சில் தொட்டுத் துடைத்தார். ஆணியால் கீறிய எழுத்துகள் தெரிந்தன: தே.ரா.

சொன்னால் அறிவிப்பு ஒட்டுவார்கள். அறிவிப்பு ஒட்டினால் அவன் வருவான். தாலுகா ஆபீஸ் பெஞ்சில் வந்து உட்காருவான், இருபத்தேழு வயதில், சுருட்டை முடியோடு, காக்கிச் சட்டையில் ஈரம் சொட்ட. விசிலை வாங்கி ஒரு ஊது ஊதுவான். மாவு அரைத்துக்கொண்டிருந்தாலும் சரி, தூங்கிக்கொண்டிருந்தாலும் சரி, இவள் ஓடுவாள்.

வெள்ளியங்கிரி குழியை மூடினார். விசிலைப் பையில் போட்டுக்கொண்டார். கூட்டத்தில் ஒருவர் கையைத் தூக்கி, "என்னங்க தலைவரே, ஏதாச்சும் ஆப்டுச்சா?" என்று கத்தியபோது, "மூடிதானுங்க!" என்று பதிலுக்குக் கத்தினார்.

வீட்டுச் சுவரில் பழுதான பழைய மீட்டர் பெட்டி ஒன்று கழற்றாமல் கிடந்தது. அதைத் திறக்க அவருக்கு மட்டும்தான் தெரியும். விசில் அதற்குள் போனது. வசந்தாமணி ரேஷன் கடைக்கோ கோயிலுக்கோ போகிற சமயமெல்லாம் எடுத்துத் துணியால் தேய்ப்பார், எழுத்தைப் பார்ப்பார், தேய்ப்பார். ஊதிப் பார்க்க ஆசை கொள்ளை கொள்ளையாக வரும். ஊதினால் தெருக்கோடியில் இருக்கிறவள் வாசலுக்கு ஓடி வந்துவிடுவாளோ, வந்து தன்னைப் பார்த்ததும் முகம் விழுந்துவிடுமோ என்ற பயத்தில் திரும்ப உள்ளே வைத்துவிடுவார். போதாக்குறைக்குத் துளையில் சேறு இறுகிக் கிடந்தது. அதை மட்டும் அவர் குத்தி எடுக்கவேயில்லை.

சித்திரையில் வந்தார்கள், வைகாசியில் வந்தார்கள், ஆனியிலும் உரியவர்கள் வந்துகொண்டுதான் இருந்தார்கள். ஆடியில் நின்றுபோனார்கள்.

நின்றது தெரிந்த நாள் ஸ்டெல்லா டீச்சரின் நாள். டீச்சரின் மகள் பியூலா ஏழு வயதில் அணையில் தவறி விழுந்து போய் எத்தனையோ வருடமாகிவிட்டது. அவள் காலிலிருந்த ஒற்றைக் கொலுசைப் பங்குனிக் கடைசியில் மன்றத்துக்காரர் ஒருவர் கண்டெடுத்துக் கொடுத்திருந்தார். டீச்சர் அறிவிப்பை ஒரு தடவை படித்ததோடு சரி, அந்த நாளுக்காகவே நாலு மாதமும் மூச்சு விட்டார். தேதியன்று ரவா லட்டு பிடித்து டப்பாவில் போட்டுக்கொண்டு, தலை துவட்ட ஒரு துண்டும் எடுத்துக்கொண்டு, ஆபீஸ் திறக்கிறதுக்கு முன்னாலேயே வந்து பெஞ்சில் உட்கார்ந்தார். மத்தியானம் ஆனது. சாயங்காலம் ஆனது. மாரக்காள் கதவைச் சாத்தக் காத்திருந்தாள். அணை ரோட்டில் ஒரு ஆடுகூட வரவில்லை. டீச்சர் லட்டு டப்பாவை மாரக்காளிடம் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்.

அடுத்த பொருளுக்கும் யாரும் வரவில்லை, அதற்கடுத்ததற்கும் வரவில்லை. ஆறுச்சாமியின் இரண்டாவது அடுப்பு அணைந்தது. தாசில்தார் அம்மாள் மன்றத்தாரைக் கூப்பிட்டனுப்பி, ஆபீஸ் நடைமுறையை விளக்குகிற மாதிரி விளக்கினார்.

"எது முதல்ல மண்ணை விட்டு வெளிய வந்துச்சோ அது முதல்ல தீரணும். அது தீராம அடுத்தது நகராது. பங்குனியில எடுத்த ஏதோ ஒண்ணை யாரோ சொல்லாம வெச்சிருக்காங்க. தெரிஞ்சே மறைச்சா சட்டத்துல ஜெயிலே இருக்கு. அதைவிட, அங்க எத்தனை பேர் வரிசையில நிக்கறாங்கன்னு யோசிச்சுப் பாருங்க."

மன்றத்தார் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். தலைவர் என்கிற முறையில் வெள்ளியங்கிரி எழுந்தார். "எவனா இருந்தாலும் அவன் மனுசனே இல்லீங்க," என்று சொன்னார். கைதட்டினார்கள்.

ஸ்டெல்லா டீச்சர் அன்றைக்கே அவர் வீட்டுக்கு வந்தார். வசந்தாமணி காபி போட உள்ளே போயிருந்தாள். டீச்சர் உட்காரக்கூட இல்லை.

"தலைவரே, அது யாருன்னு கண்டுபிடிக்கச் சொல்லி நான் வரல. உங்க மன்றத்து ஆளுங்ககிட்ட ஒண்ணு மட்டும் சொல்லுங்க. யாரும் யாரையும் திட்டப் போறதில்ல, கொண்டாந்து குடுத்தாப் போதும். பிள்ளை அங்க ஈரத்தோட நிக்குது."

டீச்சரின் தலைக்கு நேர் பின்னால் சுவரில் அந்த மீட்டர் பெட்டி இருந்தது. வெள்ளியங்கிரி பெட்டியைப் பார்த்தார். டீச்சரைப் பார்க்க அவரால் முடியவில்லை.

மறுநாள் தாசில்தார் மேஜையில் விசிலை வைத்தார். "எப்ப எடுத்தீங்க?" என்று கேட்டார் மெஹருன்னிசா அம்மாள். "நேத்துங்க," என்றார். அம்மாள் விசிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சேத்துல கிடந்த பித்தளை கண்ணாடி மாதிரி மின்னுது," என்றார். அதற்கு மேல் ஒன்றும் கேட்காமல் அறிவிப்பு எழுதினார். கார்த்திகையில் தேதி விழுந்தது. விசில் முடிந்த கையோடு மற்றவற்றையும் தீர்த்துவிடலாம் என்று கொலுசுக்கும் அதே நாளைக் குறித்தார்.

அந்த நாலு மாதம் வெள்ளியங்கிரி பட்ட பாட்டைச் சொல்லி மாளாது. தலைக்குச் சாயம் அடித்தார், அது காதிலும் ஒட்டிக்கொண்டது. ராத்திரிச் சோற்றை விட்டுக் கோதுமை தோசைக்கு மாறினார், தொப்பை மாறவில்லை. நீலத்தில் புதுச்சட்டை ஒன்று எடுத்தார். மீட்டர் பார்க்கப் போகிற வழியெல்லாம் வாய்க்குள் பேசிப் பழகினார்: நீ இருந்தது ரெண்டு வருசம், நான் இருக்கறது இருபத்தஞ்சு; அவளுக்கு மூட்டு வலின்னா தைலம் தேய்க்கறவன் நான், உனக்கு அவ மூட்டே தெரியாது. பேசிப் பார்க்கும்போதெல்லாம் எதிரில் நிற்கிற சுருட்டை முடிக்காரன் சிரித்தான். வசந்தாமணி சாயக் காதையும் நீலச் சட்டையையும் பார்த்துவிட்டு, "ஏனுங்க, யாருக்குங்க கண்ணாலம்?" என்று கேட்டாள்.

அது யாருடைய விசில் என்று ஊருக்கே தெரியும். வசந்தாமணியிடம் மட்டும் ஒருத்தரும் மூச்சு விடவில்லை. மரியாதைக்காகப் பாதி, வேடிக்கை கெட்டுவிடக் கூடாதே என்று பாதி.

ஐப்பசியில் மழை கொட்டித் தீர்த்தது. சேறு மூழ்கியது, மிஷின்கள் பரணுக்குப் போயின, அணை பழைய அணையாகித் தளும்பியது. கார்த்திகையில் அந்தத் தேதியும் வந்தது. மன்ற வேலையாக வெளியூர் போகிறேன் என்று வசந்தாமணியிடம் சொல்லிவிட்டு, நீலச் சட்டையைப் போட்டுக்கொண்டு, வெள்ளியங்கிரி தாலுகா ஆபீஸ் தூணோரமாகப் போய் நின்றார். அவள் கிரைண்டரில் இட்லிக்கு மாவு தள்ளிக்கொண்டிருந்தாள். ஊர் அங்கே கூடிவிட்டிருந்தது. ஆறுச்சாமி இரண்டு அடுப்பும் மூட்டியிருந்தார். ஸ்டெல்லா டீச்சர் புதிதாகப் பிடித்த லட்டோடும் துண்டோடும் பெஞ்சின் ஓரத்தில் இருந்தார். எல்லோர் கண்ணும் அணை ரோட்டின் மேல்.

ரோடு காலியாகக் கிடந்தது. வெயில் ஏற ஏற வெள்ளியங்கிரிக்கு நெஞ்சுக்குள் ஒரு சின்னச் சந்தோஷம் துளிர்த்தது. அவன் வரமாட்டான். அவனுக்கு இது வேண்டாம். அவனுக்கே வேண்டாத விசிலுக்காகவா இத்தனை வருடம் வெந்தோம் என்று அவர் ஒரு பஜ்ஜி வாங்கக் கையை நீட்டியபோதுதான், கூட்டம் அணை ரோட்டிலிருந்து முகத்தைத் திருப்பிச் சந்தை வீதிப் பக்கம் பார்த்தது.

வசந்தாமணி வந்துகொண்டிருந்தாள். காலில் செருப்பில்லை. இரண்டு கையிலும் மணிக்கட்டு வரைக்கும் மாவு. சடை பாதி அவிழ்ந்திருந்தது. யாரோ கையைப் பிடித்துக் கூட்டி வருகிற அந்த நடையை அரும்பாறையில் தெரியாதவர்கள் கிடையாது. கூட்டம் விலகி வழி விட்டது. அவள் புருஷனைப் பார்க்காமல் அவரைத் தாண்டிப் போய், டீச்சருக்குப் பக்கத்தில் பெஞ்சில் உட்கார்ந்தாள்.

"பித்தளை விசில் ஒண்ணு," என்று குமாஸ்தா கூப்பிட்டார். "உரியவர் யாருங்க?"

"என்னுதுங்க," என்றாள் வசந்தாமணி. சொன்ன பிறகுதான் எங்கே உட்கார்ந்திருக்கிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது. மேஜையின் மேல் இருந்ததைப் பார்த்தாள். மாவுக் கையைச் சேலையில் துடைக்கக்கூடத் தோன்றாமல் எழுந்து போனாள்.

"எப்படித் தொலைஞ்சதும்மா?" என்று கேட்டார் தாசில்தார்.

"தொலையலீங்க. நாந்தான் எறிஞ்சேன்."

"எப்ப?"

"இவரைக் கட்டிக்கிட்ட அன்னைக்கு, விடியக் காத்தால. அவரு கண்ணை மூடறப்ப எங்கையில குடுத்ததுங்க. அதை வெச்சுக்கிட்டு இன்னொருத்தரு வீட்டுக்குப் போறது நல்லால்லைன்னு தோணுச்சு. இவரு நல்ல மனுசன். நான் முழுசாப் போகோணும்னு அணைமேட்டுல நின்னு வீசிட்டேன். அன்னைக்கு அழுததோட சரிங்க."

தூணோரமாக நின்ற நீலச் சட்டைக்காரரைத் திரும்பிப் பார்க்கிற தைரியம் யாருக்கும் இல்லை. தாசில்தார், எறிந்ததாக இருந்தாலும் கால் கொண்டு வந்து விட்டதால் அது அவளுடையதுதான் என்று சொல்லி, கையெழுத்து போடும் இடத்தைக் காட்டினார். காகிதத்தில் மாவு ஒட்டியது.

அவள் பேனாவை வைத்ததும் அணை ரோட்டில் சின்னச் சத்தம் ஒன்று கேட்டது. பச்சைப் பாவாடையும் வெள்ளைச் சட்டையுமாக ஒரு சிறுமி, ஒற்றைக் காலில் கொலுசு குலுங்க, ஓட்டமும் நடையுமாக வந்துகொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் தள்ளித் தள்ளி இன்னும் சிலர், மாதக்கணக்காக நின்ற கால் வலியோடு. ஸ்டெல்லா டீச்சர் எழுந்திருக்க முயன்று முடியாமல் துண்டை மட்டும் விரித்துப் பிடித்தார். பிள்ளை அதற்குள் வந்து நின்றுகொண்டு, "அம்மா, ஏன் இப்புடி நரைச்சுப் போயிட்டே?" என்று கேட்டது. கூட்டம் மொத்தமும் அந்தப் பக்கம் சாய்ந்தது. வசந்தாமணி விசிலை எடுத்துக்கொண்டு வெளியே வந்ததை ஒருத்தர்தான் பார்த்தார்.

ஆறுச்சாமி கடைக் குழாயடியில் அவள் கையைக் கழுவினாள். பிறகு விசிலைக் கழுவினாள். வெள்ளியங்கிரி பக்கத்தில் போய் நின்றார். பேசிப் பழகியதில் ஒரு வார்த்தைகூட வாயில் வரவில்லை.

"ஆருங்க இதை எடுத்தது?"

"நாந்தான்."

"எப்ப?"

இந்தத் தடவை பொய் வரவில்லை. "பங்குனியில."

அவள் விசிலின் மினுக்கத்தைப் பார்த்தாள். தேய்த்துத் தேய்த்துக் காய்த்துப்போன அவர் கட்டைவிரலைப் பார்த்தாள். கணக்குப் போட்டுக்கொண்டாள்.

"அவன் வந்துருவான்னு பயந்துட்டேன் வசந்தா. அவன் வந்தா நீ போயிருவேன்னு. நீ எறிஞ்சது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா..." என்று அவர் திணறினார். பிறகு ஒரு யோசனை வந்து முகம் தெளிந்தது. "அணையில தண்ணி வந்துருச்சு. வா, ரெண்டு பேருமாப் போயி இப்பவே எறிஞ்சிட்டு வந்துரலாம். நானும் கூட நிக்கறேன்."

"அன்னைக்கே எங்கையில குடுத்திருந்தீங்கன்னா வாங்கின கையோட எறிஞ்சிருப்பனுங்க," என்றாள் வசந்தாமணி. குரலில் கோபமே இல்லை, அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. "உங்களுக்காக எறிஞ்சேன். நீங்க எடுத்து எனக்குத் தெரியாம வெச்சுத் தேச்சுக்கிட்டிருந்தீங்க. இத்தனை வருசம் நம்ம வீட்டுல அவரு இல்லீங்க. நீங்கதான் கூட்டிட்டு வந்து வெச்சிருக்கறீங்க. இனி என்னால எறிய முடியாதுங்க."

தலையிலிருந்து ஒரு கொண்டை ஊசியை உருவித் துளையில் இறுகியிருந்த சேற்றைக் குத்தி எடுத்தாள். உதறினாள். உதட்டில் வைத்து, வால் நீட்டி ஒரு ஊது ஊதினாள்.

எந்த டவுன் பஸ்ஸிலும் கேட்கிற சாதாரணச் சத்தம்தான். அதில் ஒன்றுமே இல்லை. இருபத்தைந்து வருடமாக அவர் காதுக்குள் கேட்டதில் கால்வாசிகூட இல்லை. அதைச் சொல்லிவிட வேண்டும் என்று வெள்ளியங்கிரி அவள் பக்கம் திரும்பினார்.

அவள் அணை ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஆறுச்சாமி இரண்டு டீயைக் கொண்டு வந்து வைத்துவிட்டுப் போனார். அவள் எடுக்கவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தாள். புதுச்சட்டை முதுகோடு ஒட்ட, அவரும் அவளுக்குப் பக்கத்தில் நின்று அந்த ரோட்டையே பார்த்தார்.